ஒரு சாண் அலுமினியம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் கடிதம் ஒன்று இருக்கிறது. முத்திரை போட்டது. வேலைக்கு அது போதும். இந்தக் காகிதத்தைக் கையால் எழுதுகிறேன், ஏனென்றால் முத்திரைக் கடிதத்தில் ‘அண்ணி’ என்று போட இடமில்லை.

விஷயம் இதுதான். விமானத்தில் இருக்கைகளைத் தரையோடு பிடித்து வைக்கும் தண்டவாளத்துக்கு மூன்று இடங்களில் விலை கேட்டோம். நம் பட்டறை அதில் ஒன்று. நம் என்று எழுதிவிட்டேன், உங்கள் பட்டறை. மூன்றிலும் உங்கள் விலைதான் அதிகம். கொஞ்சம் அல்ல, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு அதிகம். நான் சிபாரிசு செய்ய முடியாது. விலையைத் தீர்மானிக்கும் குழுவில் நானில்லை. அண்ணன் வீட்டுப் பட்டறை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டேன். ஆனால் மூன்று பேருக்கும் மறுவிலை தர ஏப்ரல் கடைசிவரை நேரம் இருக்கிறது என்பதைச் சொல்லலாம். அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். ஆகஸ்டுக்குள் ஒரு லாட் அலுமினியச் சட்டமாவது விமானத்துக்கு ஓட்டவில்லை என்றால், விமான வேலைக்கான பட்டறையின் சான்று காலாவதியாகிவிடும். அதை வாங்க அண்ணனுக்கு ஏழு வருடம் ஆயிற்று. திரும்ப ஏழு வருடம் யாருக்கும் இல்லை.

போனில் பேசலாம்தான். பேசினால் நான் அழுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவு, பொறியாளர்


பிப்ரவரி 14

அன்புள்ள பொடிசுக்கு,

கொள்முதல் பிரிவாம், பொறியாளராம். இந்த வீட்டுக்கு நான் வந்தபோது நீ பாவாடையில் பேனா மையைத் துடைத்துக்கொண்டு திரிந்த பெண். ஐம்பதைத் தொடப்போகிறாய் என்றாலும் உன் அண்ணன் வைத்த பேர் எனக்குப் பொடிசுதான். அதைப் போட எந்தக் கடிதத்திலும் இடம் இருக்கும்.

உன் முத்திரைக் கடிதத்தைப் படித்தேன். விலை அதிகமாம். நான் என்ன கொள்ளையா அடிக்கிறேன்? அச்சு வரைந்தவள் நீ. அது ஓடுகிற செலவு உனக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சொல்கிறேன், உன் குழுவுக்கும் படித்துக் காட்டு.

ஜன்னல் சட்டம் இருக்கிறதே, அலுமினியக் கட்டையைச் சூடாக்கிப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினால் அச்சு வழியாக ஓடி வரும். பிடிக்கிற ஆளும் கூடவே ஓட வேண்டும். ‘சாப்டியா’ என்று கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கட்டை உள்ளே போயிருக்கும். விமானச் சட்டம் அப்படியா? பல் முளைக்காத பிள்ளை சோறு தின்கிற வேகம். அவசரப்பட்டால் தோல் கிழிந்துவிடும், மொத்தமும் கழிவு. ஜன்னலுக்கு நாள் முழுக்கச் சம்பாதிக்கிற பிரஸ், விமானத்துக்கு ஓடும்போது நாள் முழுக்கத் தவம் இருக்கிறது. மின்சாரக்காரன் இரண்டுக்கும் ஒரே விலைதான் போடுகிறான்.

தள்ளி முடித்தால் தீர்ந்ததா? இரண்டு முனையையும் இரும்புப் பல்லால் கவ்வி இழுத்து நிமிர்த்த வேண்டும். பல் பட்ட முனைகள் கழிவு. பிறகு உலையில் வேகவைக்க வேண்டும். பிறகு ஒலி விட்டு உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைத் துண்டை உடைத்துப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு நூறு கிலோ போட்டால் எண்பது கிலோ விலைக்குப் போகும். விமானத்துக்கு நூறு போட்டால் பாதி போவதே பெரும்பாடு. மீதிக் கழிவை ஜன்னல் கழிவோடு சேர்க்கவும் முடியாது, சேர்த்தால் இரண்டும் கெட்டது. அதற்கென்று தனித் தொட்டி, தனிப் பூட்டு. வாங்குபவன் அடிமாட்டு விலைக்குக் கேட்பான்.

உன் அண்ணனுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. விமானச் சட்டம் ஓடும் நாளென்றால் காலையிலேயே முகம் மலர்ந்துவிடும். பிரஸ் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு கட்டைக்கு ஒரு கதை சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? சட்டம் வெளியே வந்து முடிவதும் கதை முடிவதும் சரியாக இருக்கும். பாதிக்கு மேல் பொய். தான் ராணுவத்தில் சேரப் போய் உயரம் பத்தாமல் திரும்பிய கதையை எனக்குத் தெரிந்தே நாலு விதமாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு அங்குலம் உயர்வார். நான் அலுவலக ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு கேட்பேன். அந்த நாட்களில் பட்டறைக்கு நஷ்டம்தான். எனக்கு இல்லை.

இப்போது கதை சொல்ல ஆள் இல்லை, நஷ்டம் மட்டும் இருக்கிறது. முப்பது பேருக்குச் சம்பளம் போட வேண்டும். அதனால் சான்று போனால் போகட்டும் என்று இருக்கிறேன். வேகவைக்கும் உலையை வாங்க ஒருவர் அடுத்த மாதம் பார்க்க வருகிறார்.

உனக்கு அதில் வருத்தம் இருக்காது. அவர் போன மூன்றாம் நாள் நீ வேலைக்குத் திரும்பக் கிளம்பினாய். கிளம்பும்போது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ‘அச்சு எல்லாம் எங்க இருக்கு?’ நாலு வருடம் ஆகிறது, அது இன்னும் காதிலேயே நிற்கிறது.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

அச்சைப் பற்றிக் கேட்டேன். ஆமாம். வேறு எதைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அங்கேயே விழுந்திருப்பேன். அந்த வீட்டில் என் கையால் செய்தது என்று இருந்தவை அவைதான். பதினோரு அச்சு. அண்ணன் அவற்றுக்கு எண்ணெய் பூசி வைப்பார். நீங்கள் வைக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அது உங்கள் காதில் வேறு மாதிரி விழுந்தது என்றால் நான் என்ன செய்ய?

உங்கள் வெட்டுத் திட்டத்தைப் பார்த்தேன், விலைச்சீட்டோடு வைத்திருந்தது. ஒரு சட்டத்துக்கு மூன்று தண்டவாளம் என்று போட்டிருக்கிறீர்கள். எப்படி மூன்று? நம் பிரஸ்ஸின் நீளம் எனக்குத் தெரியாதா? பல் பட்ட முனைகளை வெட்டிய பிறகு முப்பத்தாறரை அடி நல்ல சட்டம் நிற்கும். தண்டவாளம் ஒன்பது அடி. நாலு வர வேண்டும், அதற்கு மேலும் அரை அடி மிஞ்ச வேண்டும். நீங்கள் மூன்றை விலைக்கு வைத்து நாலாவதைக் கழிவுத் தொட்டியில் போடுகிறீர்கள், பிறகு விமான வேலையில் நஷ்டம் என்கிறீர்கள். எங்கள் ஆட்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, நீங்கள் சொல்லிக் காட்டியதால் நானும் சொல்கிறேன். அண்ணன் இருந்தவரை என் அச்சு எது ஓடினாலும் எனக்கு ஒரு துண்டு வரும். அவர் போன பிறகு இரண்டு லாட் ஓடியிருக்கிறது. சான்றுத் தாள் என் மேஜைக்கே வந்தது, அதனால் தெரியும். துண்டு வரவில்லை. முதல் தடவை மறதி என்று நினைத்தேன். இரண்டாவது தடவை புரிந்துகொண்டேன். அண்ணன் இருக்கும்வரைதான் நாத்தனார். அதற்குப் பிறகு நான் ஊருக்கு வராததற்கு அதுதான் காரணம், வேலை அல்ல. தெரிந்துகொள்ளுங்கள்.


மார்ச் 4

பொடிசு,

என்ன துண்டு?

அண்ணி


மார்ச் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்றுகூடப் பார்த்தேன். நீங்கள் தெரியாத மாதிரி நடிக்கிற ஆள் இல்லை. திட்டுவதென்றால் நேராகத் திட்டுவீர்கள். அதனால் சொல்கிறேன்.

ஒரு சாண் நீளம். இரண்டு முகமும் அரத்தால் தேய்த்து, கையில் கிழிக்காமல் மழுங்கவைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றித் தபாலில் வரும். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகு முதல் வருடமே ஆரம்பித்துவிட்டார். என் படுக்கை அறை ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ நவீன சிற்பம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். குறுக்குவெட்டைப் பார்த்தால் எது எந்த அச்சு என்று எனக்குத் தெரியும். இறக்கை விலா, கதவு விளிம்பு, சரக்கு அறைத் தரை. ஒன்று கோணலாக இருக்கும், அது நான் இருபத்திரண்டு வயதில் வரைந்த முதல் அச்சு. ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் ஓடி, சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. நான் கழிவறையில் போய் அழுதேன். நீங்கள்தான் கதவைத் தட்டி, “வெளிய வா, உங்க அண்ணன் வரைஞ்சது இப்படி வளைஞ்சிருந்தா ஊரையே கூட்டிக் காட்டிச் சிரிச்சிருப்பாருன்னு உனக்குத் தெரியாதா” என்றீர்கள். அந்தத் துண்டையும் அனுப்பியிருந்தார். தாளில், ‘பல்லாங்குழி ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுக்க ஆகும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். எங்களிடம் அப்படி ஒரு மேஜையே இல்லை.

ஒரு தடவை போனில் கேட்டேன், “ஏண்ணா, நல்ல சட்டத்த வெட்டுறியா?” என்று. “எல்லாம் கழிவுதான், போடி” என்றார்.

நீங்கள் சொல்லித்தான் அனுப்புகிறார் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன் அண்ணி. அவருக்கு ஒரு விலாசத்தைச் சரியாக எழுதத் தெரியாது. யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பொடிசு


மார்ச் 25

அன்புள்ள பொடிசுக்கு,

இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் வேறு என்னவோ வருகிறது.

உன் கடிதத்தில் ‘ஒரு சாண்’ என்று படித்ததும் வெட்டுத் திட்டத்தில் இருக்கும் ஒரு சாண் நினைவுக்கு வந்தது, நேரே ரம்பத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததோடு சரி, ரம்பத்தடியில் நின்றதில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. ரம்பக்காரர் என்னைப் பார்த்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மெஷினையே நிறுத்திவிட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“மொத முனையில ஒரு சாண் எதுக்குங்க வெட்டுறீங்க?” என்றேன்.

“ஐயா வெட்டுவாரும்மா.”

“ஐயா எதுக்கு வெட்டுனாரு?”

“அத நான் கேக்கல. ஐயா வெட்டுனா காரணம் இல்லாம இருக்குமா?”

“எல்லாச் சட்டத்துலயும் வெட்டுவாரா?”

மனிதர் தலையைச் சொறிந்தார். “இல்லம்மா. லாட்டுல மொதச் சட்டத்துல மட்டும், அவரே நின்னு வெட்டுவாரு. பல்லு பட்ட முனைய நான் வெட்டித் தள்ளுனப்புறம், நல்ல பக்கமாப் பாத்து ஒரு சாண். அரத்த எடுத்துக்கிட்டு ஓரமா உக்காந்து தேய்ப்பாரு. அப்புறம் பையில போட்டுக்கிட்டுப் போயிருவாரு. சோதனைக்குன்னு நெனச்சேன்.”

“இப்ப எல்லாத்துலயும் வெட்டுறீங்களே?”

“ஐயா போனப்புறம் எதுல வெட்டணும்னு தெரியலம்மா. விமான வேலை. விட்டுப்போயி ஏதாவது ஆயிட்டா? அதான் ஒண்ணு விடாம வெட்டிட்டோம்.”

“வெட்டுனதெல்லாம் எங்க?”

அவர் தொட்டியைக் காட்டினார்.

புரிகிறதா பொடிசு? இரண்டு லாட்டிலும் ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் உனக்கு ஒரு சாண் வெட்டியிருக்கிறோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அளந்து, அடையாளம் போட்டு, ஒன்று விடாமல். வெட்டியது அத்தனையையும் பூட்டுப் போட்ட தொட்டியில் கொட்டி அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறோம். அந்த ஒரு சாணைத்தான் நான் ‘முன் முனைக் கழிவு’ என்று வெட்டுத் திட்டத்தில் சேர்த்து உனக்கே விலையும் போட்டு அனுப்பினேன். அவர் காலத்தில் எட்டடித் துண்டுதான் கேட்பார்கள், ஒரு சாண் போனால் போனதே தெரியாது. நீ ஒன்பதடி கேட்டாய், மிஞ்சுவது அரை அடிதான், சாண் என்பது முக்கால் அடி; அந்த ஒரு சாணில் ஒரு முழுத் தண்டவாளம் போகிறது.

சான்று கொடுத்தவர்களிடமும் கேட்டுவிட்டேன். அந்த ஒரு சாணை அவர்கள் கேட்டதே இல்லையாம்.

உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தது நான் இல்லை. எனக்கு எதுவுமே தெரியாது. மதியத்தில் சில நாள், “கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்” என்று கிளம்புவார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்பார். திரும்பி வரும்போது எனக்கு ஒரு பாக்கெட் கடலை வாங்கி வருவார். தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலைக்கடை உண்டு. இப்போதுதான் உறைக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபம் வந்தது. சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். ‘நல்ல சட்டத்தை வெட்டித் தபால் செலவு வேறயா’ என்றுதான் சொல்லியிருப்பேன். மனிதர் என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

துண்டு வராததால் நீ வராமல் இருந்தாய். நீ வராததால் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தேன். நல்ல குடும்பம்.

புது விலைச்சீட்டை முத்திரை போட்டு உன் குழுவுக்கே நேராக அனுப்பிவிட்டேன். சோதனைக்கு எடுக்கும் ஒரு சட்டத்தைத் தவிர மற்றதிலெல்லாம் நாலு. உலை வாங்க வந்தவரை மே கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். விற்கவில்லை என்று இன்னும் சொல்லவில்லை; அவ்வளவு அவசரப்பட மாட்டேன். ரம்பக்காரர் மாலையில் வந்து, “அப்ப இனிமே வெட்ட வேணாமாம்மா?” என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

பதினோரு அச்சும் எண்ணெயில்தான் இருக்கின்றன. நான் அந்த அலமாரிப் பக்கம் போனதில்லை; ரம்பக்காரர்தான் பூசுகிறார், ஐயா பூசுவாராம்.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று மாலை தீர்மானம் ஆயிற்று. உங்களுக்குத்தான்.

என்னைக் கூடத்துக்கு வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உங்கள் விலை இப்போதும் எல்லாவற்றிலும் குறைந்தது இல்லை. பெரிய ஆலைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் குறைவு. ஆனால் அவர்கள் பிரஸ்ஸில் ஒரு தடவை அச்சை மாற்றி மாட்டினால் எங்களுக்கு மூன்று வருடத்துக்குத் தேவையானதை ஒரே மூச்சில் தள்ளித் தலையில் கட்டிவிடுவார்கள். அதை வைக்க இடம் வேண்டும், பணம் முடங்கும், நடுவில் வரைபடம் மாறினால் மொத்தமும் பழைய இரும்புக் கடைக்கு. நீங்கள் வேண்டும்போது வேண்டியதை மட்டும் தள்ளித் தருவீர்கள். சின்ன பிரஸ்ஸுக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு. குழுவின் தலைவர் வெளியே வந்து, “உங்க அண்ணி வெட்டுத் திட்டத்த நல்லா மாத்திட்டாங்க, யாரு யோசனை?” என்றார். குடும்ப விவகாரம் என்றேன்.

ரம்பக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இனிமேல் வெட்ட வேண்டாம். நிஜமாகத்தான் சொல்கிறேன் அண்ணி. முதல் சட்டத்திலும் வேண்டாம். நாலாவது தண்டவாளம் அந்த ஒரு சாணில்தான் இருக்கிறது, சம்பளமும் அதில்தான் இருக்கிறது. ஜன்னலோரத்தில் எனக்கு இருப்பது போதும். அவர் எனக்காக வெட்டினார் என்று தெரிந்ததே போதும். இல்லை, போதாது, ஆனால் வேண்டாம்.

முதல் லாட் ஓடும்போது என்னையும் பார்க்க அனுப்புவதாகச் சொன்னார்கள். வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டேன். பிரஸ் பக்கத்தில் அவர் இல்லாமல் பார்க்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பொடிசு


ஜூலை 20

அன்புள்ள பொடிசுக்கு,

முதல் லாட் போய்விட்டது. உன் நிறுவனத்து ஆள் வந்து கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் டீ சூடாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சான்று தப்பித்தது. உலைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். லாபம் என்று பெரிதாக இல்லை. நஷ்டம் இல்லை. ஜன்னல்தான் இன்னும் சோறு போடுகிறது. விமானம் இப்போது தன் சாப்பாட்டுக்கு மட்டும் சம்பாதிக்கிறது.

அன்றைக்கு நான் பிரஸ்ஸடியில்தான் நின்றேன். கட்டை உள்ளே போயிற்று, சட்டம் மெதுவாக வர ஆரம்பித்தது. எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி சட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சரி என்று நானே கதையை ஆரம்பித்தேன். உங்க ஐயா மதியத்துல எங்க நடக்கப் போவாருன்னு தெரியுமா என்றேன். கடலைக்கடை, தபால் நிலையம், டாக்டர் பேரில் சொன்ன பொய் எல்லாம் சொன்னேன். எனக்கு அவர் மாதிரி அளந்து சொல்ல வராது; முதல் கட்டை முடிந்தபோது நான் இன்னும் கடலைக்கடையிலேயே நின்றேன். அடுத்த கட்டை போடும்வரை ஒருவரும் நகரவில்லை. ரம்பக்காரர் மட்டும் ரம்பத்துக்குப் போய் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

நீ வராததற்குக் கோபம் இல்லை. அடுத்த லாட் டிசம்பரில். அதற்குள் தெம்பு வந்தால் வா, வராவிட்டாலும் வா. உன் அறையில் இப்போது ஜன்னல் சட்ட மாதிரிகளை அடுக்கி வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடுகிறேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. பயப்படாதே, உன் நாலாவது தண்டவாளத்தைத் தொடவில்லை. கழிவாகப் போகிற முனையிலிருந்து நானே நின்று வெட்டிய ஒரு சாண். இரும்புப் பல் கவ்விய தழும்பு வரிசையாகத் தெரியும். ஓரத்தை அரத்தால் தேய்த்திருக்கிறேன், தழும்பைத் தேய்க்கவில்லை, தேய்த்தாலும் போகாது. உன் அண்ணன் உனக்குப் பல் படாத பக்கமாகப் பார்த்து வெட்டி அனுப்பினார். நான் உன் அண்ணி. என்னிடமிருந்து பல் பட்ட பக்கம்தான் வரும், இனி லாட் தவறாமல் வரும்.

அண்ணி